ஏறும்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

நானாவைக் கட்டுநாயக்கவில் விட்டுவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிலாபம் தாண்டியிருக்கும். எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உம்மா மட்டும் ஜன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். திடீரென்று கேட்டார்: "மேல போனாப் பொறகு பயமில்ல மகன். எறங்கக்குள்ளயும் ஓதிக்கிட்டு இரிக்கலாம். ஏறக்குள்ளதான் நெஞ்சு அடிக்கும். ஏன் அப்பிடி?"

உம்மா ஒருகாலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர். ஆகவே கேள்வி சும்மா வந்ததில்லை. நான் கலைப்பீடம். விமானம் பற்றி எனக்குத் தெரிந்தது யூடியூப்பில் பார்த்ததுதான். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் உம்மா, படுங்க" என்று சொல்லிவிட்டேன். அது தப்பான பதில் என்று பிறகுதான் விளங்கியது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒன்றரை மாதத்தை விமான விபத்து அறிக்கைகள் வாசிப்பதில் செலவழித்ததும் அதனால்தான். பெறுபேறு வந்தால் தெரியும்.

எங்கட பக்கத்தில் விமானப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் 602 மன்னாருக்கு வடக்கே கடலில் விழுந்தது. 55 பேர். அதன் சிதைவுகளை இரணைதீவுக்குப் பக்கத்தில் கண்டுபிடிக்க 2012 ஆகிவிட்டது. ஆனால் அது சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம், யுத்தத்தின் கணக்கு. நான் எழுத வந்தது யாரும் சுடாமல், இயந்திரமும் பழுதாகாமல், உள்ளே இருக்கிறவர்களின் கண் இரண்டு நிமிடம் வேறு பக்கம் போவதால் நடக்கும் விஷயங்களைப் பற்றி.

எங்கட கடலுக்கு அக்கரையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2018 ஒக்டோபர் 12, அதிகாலை 1.20 அளவில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611. போயிங் 737-800 ரகம். 130 பயணிகள், 6 ஊழியர்கள். திருச்சி–துபாய் விமானம் என்றால் யார் இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நானா மாதிரி ஆட்கள்தான். ஓடுபாதை முடியப்போகிற இடம் வரைக்கும் விமானம் எழும்பவில்லை. கடைசியில் எழும்பியபோது, பாதைக்கு அப்பால் நிற்கும் அன்டெனாக்களை இடித்து, சுற்றுமதிலின் மேல்பகுதியையும் உடைத்துக்கொண்டு போனது. தரையிலிருந்து விமானிக்குத் தகவல் சொன்னார்கள், மதிலில் பட்டிருக்கலாம் என்று. எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று விமானி பதில் சொல்லிவிட்டு மேலே ஏறினார். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே பறந்து, அரபிக் கடலுக்கு மேலிருந்து திருப்பி மும்பையில் இறக்கினார்கள். வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. 136 பேரும் உயிரோடு இறங்கினார்கள். கீழே கிழிந்த தகடோடுதான் கடலைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நாலு மணித்தியாலமும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

செய்தி வந்த அன்று எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: விமானி தூங்கினானா, குடித்திருந்தானா? விசாரணை சொன்ன காரணம் ஒரு கதிரை. ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது தலைமை விமானியின் இருக்கையின் முதுகுப் பக்கம் பிடிவிட்டுப் பின்னுக்குச் சாய்ந்துவிட்டது. அவர் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும்போது கையோடு சேர்ந்து த்ரொட்டிலும் பின்னுக்கு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் பள்ளத்தில் விழும்போது கை தானாக முறுக்கை விட்டுவிடுகிறது அல்லவா, அதே மாதிரி. இயந்திர விசை குறைந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை, பக்கத்தில் இருந்த துணை விமானியும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று நான் உம்மாவுக்குச் சொன்னது பொய்யாகிறது. 737இல் த்ரொட்டிலைத் தானாக நகர்த்தும் ஒட்டோ த்ரொட்டில் இருக்கிறது. ஆனால் ஓட்டத்தில் 84 நொட் வேகத்தைத் தாண்டியதும் அது பிடியை விட்டுவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். எழும்பும் நேரத்தில் ஏதோ ஒரு கோளாறால் இயந்திரமே தன் விசையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக. அதன் மறுபக்கம் என்னவென்றால், அதற்குப் பிறகு மனிதக் கை த்ரொட்டிலை எங்கே விடுகிறதோ அங்கேயே அது கிடக்கும். திரும்பத் தள்ளிவிட யாரும் இல்லை. முன்னால் இருக்கும் திரையில் விசை எவ்வளவு என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். எண் பொய் சொல்லவில்லை. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கவனம் சிதறுவது என்றால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது போன், அரட்டை, ரீல்ஸ். திருச்சியில் இதெல்லாம் எதுவும் இல்லை. ஒரு கதிரை உடைந்தது, இரண்டு பேருடைய கவனமும் அந்தக் கதிரைக்குப் போய்விட்டது. ஒருவர் கதிரையோடு மல்லுக்கட்டட்டும், மற்றவர் எண்ணைப் பார்க்கட்டும் என்று பிரிந்திருந்தால் மதில் தப்பியிருக்கும்.

உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏறும்போது ஏன் பயம்?

கண்டிக்கு ஏறுகிற பஸ்ஸில் போனவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஏற்றத்தில் பஸ் தானாக வேகம் இழக்கும். ட்ரைவர் கியரை மாற்றி, மிதித்து, அந்த வேகத்தைப் பிடித்துவைக்க வேண்டும். விமானத்துக்கும் அதுதான், ஒரு வித்தியாசத்தோடு. பஸ் வேகம் இழந்தால் நின்றுவிடும். விமானம் வேகம் இழந்தால் விழும். இறக்கைக்கு மேலாகக் காற்று போதுமான வேகத்தில் ஓடினால்தான் அது தூக்கும். ஏறும்போது இயந்திரத்தின் விசை இரண்டு வேலைக்குப் பங்கு போடப்படுகிறது: உயரத்துக்குக் கொஞ்சம், வேகத்துக்குக் கொஞ்சம். மூக்கைக் கூடத் தூக்கினால் உயரம் கிடைக்கும், வேகம் போகும். தாழ்த்தினால் வேகம் கிடைக்கும், உயரம் போகும். நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது இரண்டிலும் கையிருப்புக் குறைவு. அந்த நேரத்திலேயே சில்லை உள்ளே இழுக்க வேண்டும், இறக்கையின் பின் மடிப்புகளைக் கட்டங்கட்டமாக உள்ளே எடுக்க வேண்டும், கோபுரத்தோடு கதைக்க வேண்டும், அலைவரிசை மாற்ற வேண்டும், முகிலைத் தவிர்க்க வேண்டும். உலகத்தின் பெரும்பாலான இடங்களில் 10,000 அடிக்குக் கீழே 250 நொட்டுக்கு மேல் போகவும் கூடாது. கிலோமீற்றர் கணக்கில் 463. அதைத் தாண்டியபிறகுதான் வேகத்தைக் கூட்டுவார்கள்.

மேலே போனால் எல்லாம் சுகமா என்றால், அங்கேயும் முழுக்க இல்லை. காற்று மெல்லியதாகிக்கொண்டே போகும். இயந்திரத்தின் விசை குறையும். விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கும் தாண்டக்கூடாத அதிகபட்ச வேகத்துக்கும் இடையிலான இடைவெளி ஒடுங்கிக்கொண்டே வரும்.

1979 நவம்பர் 11ஆம் திகதி ஏரோமெக்சிகோவின் டிசி-10 ஒன்று பிராங்பேர்ட்டிலிருந்து மயாமிக்குக் கிளம்பி லக்சம்பேர்க்குக்கு மேலாக ஏறிக்கொண்டிருந்தது. ஒட்டோபைலட்டிடம் நிமிடத்துக்கு இவ்வளவு அடி ஏறு என்று சொல்லி வைத்திருந்தார்கள். அது சொன்னதைச் செய்தது. உயரம் கூடக் கூட இயந்திரத்தால் அந்த வீதத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒட்டோபைலட்டுக்கு அது பற்றிக் கவலையில்லை, ஏனென்றால் வேகத்தைப் பார் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. மூக்கைத் தூக்கித் தூக்கி ஏறும் வீதத்தைக் காப்பாற்றியது. வேகம் மெல்ல மெல்ல வடிந்தது. விமானம் குலுங்கத் தொடங்கியபோது இயந்திரத்தில்தான் அதிர்வு என்று நினைத்து ஒன்றை நிறுத்தினார்கள். விமானம் வேகமிழந்து விழத் தொடங்கியது. எப்படியோ மீட்டு மட்ரிட்டில் இறக்கியபோது வாலின் இரு பக்க நுனிகளும் பிய்ந்துபோயிருந்தன.

வேலைக்காரனிடம் "கிணத்துல தண்ணி அள்ளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வாளி நிரம்பி முற்றம் நிறைந்தாலும் அள்ளிக்கொண்டே இருப்பான் என்று எங்கட வீட்டில் ஒரு கதை சொல்வார்கள். ஒட்டோபைலட் அந்த வேலைக்காரன்.

40 வருஷம் கழித்தும் அதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, இன்னும் மோசமாக. 2021 ஜனவரி 9, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய ஸ்ரீவிஜயா எயார் 182. ஏறும்போது ஒட்டோ த்ரொட்டில் இரண்டு பக்க விசையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். வலது பக்கப் பிடி நகரவில்லை. ஆகவே அது இடது பக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் தள்ளாமல் விட, விமானம் இடப்பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. கிளம்பி நாலு நிமிடத்தில் கடலுக்குள். 62 பேர். த்ரொட்டில் பிடிகள் இரண்டும் விமானிகள் இருவருக்கும் நடுவில்தான் இருக்கின்றன, முழங்கைக்குப் பக்கத்தில். ஒன்று அப்படியே நிற்க மற்றது பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். தானியங்கி சரியாகத்தான் செய்யும் என்ற நம்பிக்கை கண்ணைக் கட்டியிருக்கிறது. இந்தோனேசிய விசாரணை அறிக்கை 2022 நவம்பரில் வந்தது. அதை வாசித்த இரவு நானாவுக்கு மெசேஜ் போட்டேன், எப்ப வருவாய் என்று. காரணம் சொல்லவில்லை.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, பழைய சட்டம். 1974 செப்டெம்பர் 11ஆம் திகதி ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 212 அமெரிக்காவின் சார்லட்டில் பனிமூட்டத்தில் இறங்க வரும்போது, கொக்பிட்டில் அரசியலும் பழைய கார் விலையும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உயரத்தைக் கவனிக்கவில்லை. 72 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1981இல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது: தரையில் நகரும்போதும், எழும்பும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே ஏறி இறங்கும்போதும் விமானத்தைச் செலுத்துவதற்குச் சம்பந்தமில்லாத பேச்சும் இல்லை, வேலையும் இல்லை. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

நல்ல விதிதான். ஆனால் விதி இருக்கும்போதே எல்லாம் நடக்கிறது. 2010 மே மாதம் டார்வினிலிருந்து சிங்கப்பூருக்கு இறங்க வந்த ஜெட்ஸ்டார் விமானத்தில், தலைமை விமானி அணைக்க மறந்த போனுக்கு வரிசையாக மெசேஜ் வந்து விழுந்தது. அவர் போனோடு மினக்கெட, சில்லு இறக்கவில்லை. சில நூறு அடி உயரத்தில் கண்டுபிடித்துத் திரும்பவும் மேலே ஏறினார்கள். திருச்சிச் சம்பவத்துக்கு மூன்று கிழமை முன்னர், 2018 செப்டெம்பர் 20ஆம் திகதி, மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு ஏறிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் தரும் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கிற விஷயம். முகமூடிகள் தொங்கின, முப்பது பேரளவில் மூக்காலும் காதாலும் இரத்தம் வந்தது.

இதற்கெல்லாம் எங்கட ஆட்கள், அதாவது பேஸ்புக்கில் கருத்துச் சொல்கிற நாங்கள், வைத்திருக்கும் ஒரே மருந்து "தூக்கு, இடைநிறுத்து" என்பதுதான். 2023 மார்ச்சில் ஹோலி நாளன்று ஸ்பைஸ்ஜெட் விமானிகள் எரிபொருள் நெம்புகோலுக்கு மேல் கோப்பிக் கப்பை வைத்து, கையில் பலகாரத்தோடு எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? படத்தில் விமானம் 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. அது முட்டாள்தனம், சந்தேகமே இல்லை, கப் கவிழ்ந்தால் என்ன ஆகும்? பறப்பிலிருந்து நிறுத்தியதும் சரி. ஆனால் அந்தப் படத்துக்கு வந்த கோபத்தில் பத்தில் ஒரு பங்கும் திருச்சி அறிக்கைக்கு வரவில்லை. ஏனென்றால் பலகாரத்தில் குற்றவாளி இருக்கிறான், கதிரையில் இல்லை. யாரைத் திட்டலாம் என்று தெரியாத விபத்தில் எங்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. என்னுடைய கருத்து, இந்த ஆர்வக்குறைவுதான் அடுத்த விபத்துக்கு வழிவிடுகிறது. கவனம் சிதறுவது பாவம் இல்லை, மனிதனுக்கு நடக்கிற ஒன்று. நடக்கும் என்று தெரிந்துதானே கொக்பிட்டில் இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆளின் பெயரே முன்பு "ஓட்டாத விமானி" என்று இருந்தது. பிறகுதான் "கண்காணிக்கும் விமானி" என்று மாற்றினார்கள். முதல் பெயர் அவர் என்ன செய்யவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது பெயர்தான் அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்கிறது.

சிலாவத்துறையில் இந்த வேலையைப் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் பெரிய முகாம்களாக இருந்த இடங்கள். அரிப்பில் கடல் தின்றுகொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டை, அதாவது ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் மாளிகை, அந்த வியாபாரத்துக்காகக் கட்டியதுதான். அப்போது சுழியோடி கல்லோடு கீழே போனால், மேலே வள்ளத்தில் அவனுக்கென்று ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். கீழே இருக்கிறவனிடம் இருப்பது ஒரு மூச்சு. மேலே நிற்கிறவர் பக்கத்து வள்ளக்காரனோடு கதையில் விழுந்தால் அந்த மூச்சு முடிந்துவிடும்.

முத்து போய் இப்போது அட்டை. என் மாமா கடலட்டைக்குப் போகிறவர், சிலிண்டர் கட்டி இறங்குவார். "போட்டுல நிக்கிறவனுக்கு என்ன வேல?" என்று சின்னதில் ஒருநாள் கேட்டேன். எனக்கு அது சும்மா நிற்கிற வேலை மாதிரித் தெரிந்தது. மாமா சிரிக்கவில்லை. "அவன் முட்டயப் பாக்கணும்" என்றார். முட்டை என்றால் தண்ணீருக்கு மேல் வரும் குமிழி. சுழியோடி கீழே நகர நகரக் குமிழியும் நகரும், போட்டும் பின்னால் போக வேண்டும். ஒருதரம் மேலே நின்ற பையன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மாமா மேலே வந்தபோது போட் கண்ணுக்கெட்டாத தூரம். அலையும் இருந்ததாம். அரை மணித்தியாலம் மிதந்திருக்கிறார். அந்தப் பையனை அடித்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அடுத்த நாளிலிருந்து போட்டில் இரண்டு பேரை நிறுத்தினார்களாம், ஒருவன் எஞ்சினுக்கு, ஒருவன் குமிழிக்கு. எஞ்சின் நின்றுபோனாலும் குமிழிக்காரன் திரும்பிப் பார்க்கக் கூடாது. எஞ்சினுக்கு அடுத்தவன் இருக்கிறான். திருச்சி அறிக்கையை மாமாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பார்த்துக்கொண்டிருக்கிறவன் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கட நாட்டு உதாரணம் இருக்கிறது. 2022 ஜூன் 13, லண்டனிலிருந்து கொழும்புக்கு 275 பயணிகளோடு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் 504, துருக்கிக்கு மேல் 33,000 அடியில். 35,000க்கு ஏறச் சொல்லி அங்காரா கட்டுப்பாட்டு நிலையம் சொல்லியிருக்கிறது. ஏறுவதற்கு முன் இவர்கள் திரையைப் பார்த்தார்கள். 15 மைல் தூரத்தில் அதே 35,000 அடியில் இன்னொரு விமானம், துபாய்க்குப் போகும் பிரிட்டிஷ் எயார்வேஸ். ஏற மாட்டோம் என்றார்கள். திரும்பவும் ஏறச் சொன்னார்கள். திரும்பவும் மாட்டோம். பிறகுதான் அங்காரா விழுந்தடித்துக்கொண்டு, ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. விமான நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் விமானிகளின் விழிப்பைப் பாராட்டியிருந்தார்கள்.

இதே அங்காரா வானத்தில் 2014 ஓகஸ்ட் 8ஆம் திகதி மும்பையிலிருந்து பிரசல்ஸுக்குப் போன ஜெட் ஏர்வேஸ் போயிங் 777 ஒன்று 34,000 அடியிலிருந்து 5,000 அடி கீழே இறங்கியிருக்கிறது. தலைமை விமானி அனுமதிக்கப்பட்ட ஓய்வுத் தூக்கத்தில். துணை விமானி டெப்லெட்டில் பறப்புத் தகவல் பார்த்துக்கொண்டிருந்தாராம். கவனியுங்கள், படம் பார்க்கவில்லை, வேலைதான். தரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபிறகுதான் தெரியவந்தது. டெப்லெட்டில் இருப்பது வேலையா விளையாட்டா என்பது இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்குத் தெரியாது.

ஸ்ரீலங்கன் கதையில் எனக்குப் பிடித்தது அவர்கள் பார்த்தது மட்டும் இல்லை. "மாட்டோம்" என்று இரண்டு தரம் சொன்னது. எங்கட ஊரில், எங்கட வீட்டில், எங்கட கம்பஸில் பெரியவர் இரண்டாம் தரம் சொன்னபிறகு "மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

சொல்லாமல் விட்ட கதையும் ஒன்று இருக்கிறது. 1989 ஜனவரி 8, லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மிட்லண்ட் 92. ஏறும்போது இடது இயந்திரத்தில் ஒரு விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் குழம்பி, நல்லாக இருந்த வலது இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். வலது பக்கத்தில்தான் பிரச்சினை என்று பயணிகளுக்கு அறிவிப்பும் செய்தார். பின்னால் இருந்தவர்களில் பலர் இடது பக்கத்தில் நெருப்பைக் கண்ணால் கண்டவர்கள். அறிவிப்பைக் கேட்டு, என்னடா இது என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவரும் முன்னுக்குப் போய்ச் சொல்லவில்லை. விமானிக்குத் தெரியாததா? கெக்வேர்த்தில் மோட்டார் பாதைக்குப் பக்கத்தில் விழுந்தது. 47 பேர் செத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வேர்த்தது. ஏனென்று சொல்கிறேன்.

போன தவணை கம்பஸுக்குத் திரும்பும்போது அனுராதபுரத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். ட்ரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. ட்ரைவர் ஒரு கையால் வீடியோ கோல் கதைத்துக்கொண்டு ஓட்டினார். மறுபக்கம் ஒரு சின்னப் பிள்ளை, அவருடைய மகளாக இருக்கும். "தாத்தி, தாத்தி" என்று கூப்பிட்டது எனக்கே கேட்டது. கொண்டக்டர் பக்கத்தில் நின்று தானும் பிள்ளைக்குக் கை காட்டினார். ஏற்றம் ஒன்றில் முன்னால் வைக்கோல் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நான் கண்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா கண்டார். கொண்டக்டரும் கண்டிருப்பார். அடித்த பிரேக்கில் நின்றவர்கள் எல்லாம் முன்னுக்கு வந்து விழுந்தார்கள். ஒரு பிள்ளைக்கு நெற்றியில் கம்பி அடித்து வீங்கியது. லேண்ட்மாஸ்டருக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். ட்ரைவர் லேண்ட்மாஸ்டர்காரனைத்தான் ஏசினார். பத்து நிமிடத்தில் போன் திரும்பவும் கைக்கு வந்தது. அந்த பஸ்ஸில் எழுபது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். எனக்கு சிங்களம் நல்லா வரும், அந்தச் சாட்டும் இல்லை.

விமானத்துக்கு இருக்கிற விதிகள் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு பஸ்ஸில் 70 பேர் போகிறோம், திருச்சி விமானத்தில் பாதி. பெரும்பாலான பஸ்களில் "சாரதியுடன் கதைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கும், அது 1981ஆம் ஆண்டு விதியின் பாதிதான். மற்றப் பாதி, கொண்டக்டர் டிக்கட் கிழிக்கிற ஆள் மட்டும் இல்லை, ஏற்றத்திலும் வளைவிலும் முன்னால் பார்க்க வேண்டிய இரண்டாவது ஆள் என்பது. போனை வை என்று அவர் சொன்னால் ட்ரைவர் கேட்க வேண்டும், முதலாளி அவரைப் பிழை பிடிக்கக் கூடாது. பயணி சொன்னாலும் அப்படித்தான். இதற்குப் பெரிய சட்டம் தேவையா என்று எனக்குச் சந்தேகம். மாமாவின் போட்டில் யாரும் சட்டம் போடவில்லை.

உம்மாவுக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. போனில் ஒருநாள் தொடங்கினேன், 250 நொட், 10,000 அடி என்று. "அதெல்லாம் இரிக்கட்டும், அங்க ரெண்டு பேரு இரிப்பாங்களா, ஒராளா?" என்று கேட்டார். ரெண்டு பேர் என்றேன். "ரெண்டு பேரும் கதைப்பாங்களா?" என்றார். எந்தக் கதையைக் கேட்கிறார் என்று விளங்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு லைன் விட்டுப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும். அனுராதபுரம் வரைக்கும் அதே ரூட்டில், அநேகமா அதே பஸ்தான். முன் சீட் கிடைத்தால் சொல்லிப் பார்க்கிறேன். ஏச்சு வாங்கினால் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.